ஆசாரிக்கு முதல் மரியாதை

குமரி மாவட்டம் அஞ்சுகிராமம் பக்கத்தில் புதுவீட்டுப் பால்காய்ச்சு என்றால் பல வீடுகளில் அது பால் பொங்குவதோடு முடிவதில்லை. பந்தி தொடங்குமுன் வீட்டுக்காரர் ஒரு தாம்பாளத்தை எடுப்பார். வெற்றிலை, பாக்கு, பழம், வேட்டி, துண்டு, அதன்மேல் கொஞ்சம் பணம். ஆசாரியையும் கொத்தனாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சொந்தபந்தமெல்லாம் பார்த்திருக்க அதைக் கையில் கொடுப்பார். கூலிக் கணக்கு அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். பாக்கி வைத்துவிட்டு வேட்டியை நீட்டுகிறவரை ஊர் மதிக்காது. "நிலையும் கதவும் இவரு கைவேலையாக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிற வீட்டுக்காரரும் உண்டு. வந்த கூட்டத்தில் வீடு கட்டும் யோசனையில் இருக்கும் இரண்டு பேர் அப்போதே போய்க் கதவைத் தடவிப் பார்ப்பார்கள்.

இந்தத் தாம்பாளத்தில் அடங்கிய காரியத்தைத்தான் பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் இன்று 'பணியாளர் அங்கீகாரம்' என்ற பெயரில் செய்கின்றன. அதற்கென்று செயலி, புள்ளிக் கணக்கு, ஆண்டு பட்ஜெட் எல்லாம் உண்டு. ஊழியருக்கு வேலையில் ஒட்டுதல் வரவேண்டும் என்பது நோக்கம். உடம்பு நாற்காலியில் இருக்க, மனசு வேறெங்கோ அலைகிற ஊழியரால் யாருக்கும் லாபமில்லை. இந்த ஒட்டுதலை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கான். ஒரு கோடைமுகாமின் ஊழியர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தாரையும் அருகிலிருந்து கவனித்து, ஒரு மனிதர் எப்போது தன்னை முழுசாக வேலைக்குள் இறக்குகிறார், எப்போது தன்னைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார் என்று 1990இல் எழுதினார்.

அதன்பிறகு இதை அளந்து பார்ப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உலகம் முழுக்க எடுக்கும் கணக்கின்படி, 2024இல் வேலையில் ஒட்டுதலோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான். அந்த நிறுவனம் ஊழியர்களிடம் கேட்கும் 12 கேள்விகளில் ஒன்று மிகச் சாதாரணமானது: கடந்த ஏழு நாளில், நல்ல வேலை செய்ததற்காக யாராவது உங்களைப் பாராட்டினார்களா? ஏழு வருடம் என்று கேட்டாலும் தலையாட்ட முடியாதவர்கள் நம் ஊர் அலுவலகங்களில் இருக்கிறார்கள்.

பாராட்டினால் வேலை கூடும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையிலேயே கூடுகிறதா? பொருளியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் காஸ்ஃபெல்டும் சுசன்னே நெக்கர்மனும் சுவிட்சர்லாந்தில் மாணவர்களைத் தகவல் பதிவு வேலைக்கு அமர்த்தினார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும், சிறப்பாகச் செய்பவருக்கு ஒரு வாழ்த்து அட்டை உண்டு என்று சொன்னார்கள். அட்டைதான், பணம் கிடையாது. அதைச் சொன்ன குழுவில் வேலை சுமார் 12 சதவீதம் கூடியது. 2011இல் வெளியான ஆய்வு இது.

2016இல் வந்த இன்னொரு ஆய்வின் முடிவு இதைவிட வியப்பானது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்று மணிநேரத் தகவல் பதிவு வேலை. இரண்டு மணிநேரம் கழிந்ததும், முன்னறிவிப்பு ஏதுமின்றிச் சில குழுக்களில் மட்டும் நன்றி அட்டை கொடுத்தார்கள். மிச்சமிருந்த ஒரு மணிநேரத்தில் அந்தக் குழுக்களின் வேலை நன்றாகவே கூடியது. எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்த குழுவைக் காட்டிலும், முன்னணியில் இருந்தவர்களுக்கு மட்டும் கொடுத்த குழுவில் பலன் அதிகம். கூடுதலாக உழைத்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அட்டை கிடைக்காதவர்கள்! நல்ல வேலை என்று இங்கே எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்களுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. ஒருவரைப் பாராட்டினால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தே வாயைத் திறக்காத மேலாளர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இதெல்லாம் அறைக்குள் நடந்த சோதனை. வெயிலிலும் தெருவிலும் என்ன ஆகும்? ஜாம்பியா நாட்டின் தலைநகர் லுசாகாவில் சலூன்காரர்களையும் அழகுநிலையம் நடத்தும் பெண்களையும் வைத்து ஒரு முயற்சி நடந்தது. எச்ஐவி பரவாமலிருக்கப் பெண்ணுறைகளை அவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச்சொல்லி விற்கவேண்டும். ஒரு பிரிவினருக்கு விற்பனையில் பெரிய கமிஷன், இன்னொரு பிரிவினருக்குச் சின்னக் கமிஷன், வேறொரு பிரிவினருக்கு ஒன்றுமே இல்லை. நான்காவது பிரிவினருக்கு ஒரு படம் கொடுத்தார்கள். வெப்பமானி வடிவில் வரைந்த அந்தப் படத்தைச் சலூன் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு விற்பனைக்கும் அதில் ஒரு நட்சத்திர முத்திரை விழும். நட்சத்திரக்காரர்கள் மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு விற்றார்கள். முடிவெட்ட உட்கார்ந்தவர் "இது என்னப்பா நட்சத்திரம்?" என்று கேட்டிருப்பார், அதற்குப் பதில் சொல்வதே பாதி விற்பனை ஆகியிருக்கும்.

சலூன்காரருக்கு மரியாதை செய்வதில் தமிழ்நாடு பின்தங்கியிருக்கவில்லை என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. 1010ஆம் ஆண்டுவாக்கில் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்தபோது, அதற்கு உழைத்தவர்களின் பெயர்களும் சுவரில் ஏறின. தலைமைத் தச்சர் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன். அரசனின் பெயரையே பட்டமாகத் தாங்கிய இன்னொருவர் நாவிதர்: இராஜராஜப் பெருநாவிசன். கோயில் பணிக்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அரசன் கொடுத்ததோடு அவன் அக்காளும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் சேர்த்தே வெட்டச் சொன்னவன் இராஜராஜன் என்பதைப் பலர் மேடையில் சொல்கிறார்கள். அதே கோயில் கல்வெட்டுகளில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று பங்கும் எழுதப்பட்டிருக்கிறது. பெயரும் நெல்லும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. பெயரை வெட்டிவிட்டோமே, நெல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் போகிற வழியில் மயிலாடி. ரோட்டோரம் முழுக்கச் சிற்பக்கூடங்கள், உளிச்சத்தம், வெள்ளைத் தூசி. இங்கே செதுக்கிய சாமி சிலைகள் எத்தனையோ ஊர்க் கோயில்களில் நிற்கின்றன; கும்பிடுகிறவருக்குச் செதுக்கியவர் பெயர் தெரியாது. சற்றுத் தள்ளிக் கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயர வள்ளுவர் சிலை. 2000 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்டது. அதை வடித்த கணபதி ஸ்தபதிக்குப் பத்மபூஷண் கிடைத்தது 2009இல். அவரோடு சேர்ந்து கல்லோடு மல்லுக்கட்டிய நூற்றுக்கணக்கான கல்தச்சர்களின் பெயர்களை இன்று படகில் போய் வருகிறவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? இந்த ஒரு விஷயத்தில் பதினோராம் நூற்றாண்டு நம்மைவிடக் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கிறது.

மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் வளாகம் இருக்கிறது. இஸ்ரோ தலைவர்களாக உயர்ந்த கே. சிவனும் வி. நாராயணனும் குமரி மாவட்டத்துக்காரர்கள். ஆகவே பாராட்டைப் பங்கிடுவது பற்றிய அந்த நிறுவனத்தின் பழைய கதை ஒன்று இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனாலும் அதைப் பாதியாகச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன் போய் நின்று பொறுப்பை ஏற்றவர், அன்றைய தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ஆம் தேதி ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று செய்தியாளர்களை நீங்களே சந்தியுங்கள் என்று கலாமை அனுப்பினார் தவான். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வெற்றியைக் கொடுத்த பாதிதான் எல்லாருக்கும் பிடித்த பாதி. தோல்வி நாளில் தலைவர் முன்னால் போய் நின்றிராவிட்டால், வெற்றி நாளின் மைக்குக்கு அந்த மதிப்பு வந்திருக்காது. திட்டு விழும்போது ஒதுங்கிக்கொண்டு, கைதட்டல் வரும்போது "என் பையன்" என்று தோளில் கை போடும் அதிகாரியை ஊழியர்கள் லேசில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அரசுத் துறையில் பாராட்டுக்கு ஒரு நாள்காட்டி உண்டு. சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் கொடியேற்றம் முடிந்ததும், மாவட்ட ஆட்சியர் கையால் பல துறை ஊழியர்கள் நற்சான்றிதழ் வாங்குவார்கள். ஆசிரியர்களுக்குச் செப்டம்பர் 5. தொழிலாளர்களுக்கு 1985இல் தொடங்கிய பிரதமரின் ஷ்ரம் விருதுகள்: ஷ்ரம் ரத்னா, ஷ்ரம் பூஷண், ஷ்ரம் வீர், ஷ்ரம் ஸ்ரீ என்று படிகள். திருச்சி பெல் தொழிற்சாலைக்காரர்கள் இந்தப் பட்டியலில் அடிக்கடி இடம்பிடித்தவர்கள்.

குடும்பத்தோடு அரங்கத்துக்கு வந்து, சான்றிதழைப் பிள்ளை கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் ஓர் ஊழியரைப் பார்த்தவர்கள் அந்தக் காகிதத்தை வெறும் சடங்கு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எந்த அலுவலகத்திலும் இதற்கு ஒரு வியாதி வரும். 'சிறப்பாகப் பணியாற்றியமைக்காக' என்று எல்லாருக்கும் ஒரே வாசகம். என்ன செய்தார் என்று எழுதியிருக்காது. கொஞ்ச நாளில், போன வருடம் அவருக்கு, இந்த வருடம் இவருக்கு என்று முறை வைத்துக் கொடுக்கிறார்களோ என்ற சந்தேகம் வந்துவிடும். வாங்கியவரே அதைப் பீரோவுக்குள் வைத்துவிடுவார். வெள்ளத்தில் கால்வாய் உடைந்த ராத்திரி மூன்று மணிவரை மணல்மூட்டை அடுக்கியதற்காக என்று எழுதியிருந்தால், அந்தக் காகிதம் கூடத்துச் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும்.

விருதே வேலையைக் கெடுத்த கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் துணி வெளுக்கும் தொழிற்சாலைகள் நடத்தும் நிறுவனம் ஒன்று, தன் ஆலைகளில் ஒன்றில் மட்டும் வருகைக்கு விருது அறிவித்தது. மாதம் முழுக்க லீவு போடாமல், தாமதமாகாமல் வந்தவர்களைக் கூட்டம் போட்டுப் பாராட்டுவார்கள். அப்புறம் குலுக்கலில் பரிசு. முதலாளிக்குப் பெரிய செலவில்லை. திமத்தி கப்ளர், இயன் லார்கின், லமார் பியர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த ஆலையின் கணக்குகளைப் பிறகு கிளறிப் பார்த்தார்கள். ஆலையின் உற்பத்தித்திறன் 1.4 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கு முன்பும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேகம்தான் அதிகம் விழுந்தது. காரணம் புரியாததல்ல. அவர்கள் பரிசுக்காக வரவில்லை, கடமை என்று வந்தவர்கள். நேற்றுவரை பிந்தி வந்தவர், பரிசு அறிவித்த பிறகு நேரத்துக்கு வந்ததும் அவரோடு சேர்த்துத் தங்களுக்கும் கைதட்டினால், இத்தனை வருடம் வந்ததற்கு என்ன அர்த்தம்? பரிசுக்குத் தகுதி போய்விட்ட மாதங்களில் மற்றவர்கள் பழையபடி பிந்தத் தொடங்கினார்கள் என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது.

இனி பெரிய பரிசுகள். 2022 ஏப்ரலில் சென்னையின் ஐடியாஸ்2ஐடி என்ற மென்பொருள் நிறுவனம், நீண்டகாலம் உடனிருந்த 100 ஊழியர்களுக்கு ஆளுக்கொரு மாருதி கார் கொடுத்தது. அதே மாதம் கிஸ்ஃப்ளோ நிறுவனம் ஐந்து மூத்த அதிகாரிகளுக்கு பி.எம்.டபிள்யூ கொடுத்தது. 2023 தீபாவளிக்குக் கோத்தகிரித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஊழியர்களுக்கு என்ஃபீல்டு பைக் கிடைத்தது. செய்தியாகப் படிக்கச் சுவையான விஷயங்கள். வாங்கியவர்களின் சந்தோஷத்தைக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் சாவி கொடுக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, கார் கொடுக்க வசதியில்லாதவர்கள் தங்களால் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடுவதுதான் பிசகு.

இதற்கு நேர்மாறான பிசகும் ஒன்று உண்டு: சம்பளத்தில் வைத்த குறையைப் பாராட்டால் நிரப்பப் பார்ப்பது. அது இன்னும் மோசமானது. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் என்ற உளவியலாளர் 1950களில் பிட்ஸ்பர்க் நகரில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் உட்காரவைத்து, வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்த சமயத்தையும் மிகவும் நொந்துபோன சமயத்தையும் சொல்லச் சொன்னார். சந்தோஷக் கதைகளில் சாதித்ததும் பாராட்டுப் பெற்றதும் முன்னால் நின்றன. நொந்த கதைகளில் நிர்வாகத்தின் விதிகள், மேலதிகாரியின் நடத்தை, சம்பளம், வேலைச்சூழல் ஆகியவை வந்தன. இரண்டும் வெவ்வேறு கணக்கு என்பது 1959இல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம். ஒரு கணக்கில் வரவு வைத்து இன்னொரு கணக்கின் கடனைத் தீர்க்க முடியாது.

தமிழ்நாட்டில் இதைத் தூய்மைப் பணியாளர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. 2020 மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டிய பட்டியலில் அவர்களும் இருந்தார்கள். அந்தக் கொரோனா மாதங்களில் பல ஊர்களில் அவர்களுக்கு மாலை போட்டார்கள், காலில் பூத் தூவினார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாரிடம் போவதை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன் பன்னிரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அவர்கள் கேட்டது மாலையல்ல, வேலைக்கும் சம்பளத்துக்கும் உத்தரவாதம்.

இன்னொன்று நாற்காலி. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக்கடைப் பெண்கள், பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் கொடுமையை எதிர்த்து நடத்திய போராட்டத்தின் பலனாகக் கேரளம் 2018இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரச் சட்டம் செய்தது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அதையே கட்டாயமாக்கியது. 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று சுவரில் படம் மாட்டியிருக்கும் கடையில், படத்துக்குக் கீழே அந்தப் பெண் உட்கார ஒரு ஸ்டூல் இல்லையென்றால் வாடிக்கையாளர் எந்தப் பக்கம் பார்ப்பது?

அஞ்சுகிராமம் சந்திப்புக்கு இந்த விவகாரம் எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்தால், விருதும் சட்டமும் பெரும்பாலும் இங்கே எட்டுவதில்லை. தனியார் துறையில் ஷ்ரம் விருதுகள் 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களின் தொழிலாளர்களுக்குத்தான். சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்று 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த உரிமை, 2025 நவம்பர் முதல் புதிய ஊதியச் சட்டத்தொகுப்புக்குள் வந்த பிறகும், 20 பேருக்குக் குறைவான கடைகளைக் கட்டுப்படுத்தாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிரந்தர ஊழியருக்கு அணுசக்தித் துறை விருதுகள் இருக்கின்றன. அதே ஊரிலிருந்து மருந்துக்கடைக்கும் ஓட்டலுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் போகிற ஆளுக்கு விருதுக்குழுவும் முதலாளிதான், போனஸ் சட்டமும் முதலாளிதான்.

அந்த முதலாளிக்குச் செலவு அதிகமில்லை, கவனம்தான் வேண்டும். கல்லாவில் இருக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், யார் என்ன செய்தார் என்று அவ்வப்போது ஒரு வரி குறித்துவைக்கிற அண்ணாச்சிக்கு மாதக் கடைசியில் பேச விஷயம் இருக்கும். "நல்லாப் பண்றே" என்பது காற்றோடு போய்விடும். "மக்களே, அந்தப் பாட்டிக்கு ரெண்டு டாக்டர் எழுதின சீட்டிலும் ஒரே மாத்திரை இருக்குன்னு நீ பாத்துச் சொன்னதை அவங்க மகன் வந்து சொன்னாரு" என்பது போகாது. அதை மற்ற பிள்ளைகள் காதில் விழும்படி சொன்னால், அடுத்த சீட்டை எல்லாருமே இரண்டு தடவை பார்ப்பார்கள். கண்டிப்பதென்றால் உள்ளே கூப்பிட்டுக் கண்டிக்கலாம். பல கடைகளில் இது தலைகீழாக நடக்கிறது. கூச்சப்படுகிற ஆளைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்திப் புகழ்வதும் ஒருவகைத் தண்டனை. அவருக்குத் தனியாகச் சொல்வதோ, அவர் அப்பா கடைக்கு வரும்போது ஒரு வார்த்தை போடுவதோ போதும்.

தீபாவளித் துணியும் அப்படித்தான். ஒரே நிறத்தில் பத்துச் சேலையைக் கட்டாக வாங்கி, சம்பளக் கவரோடு வரிசையாக நீட்டுகிற கடைகள் இருக்கின்றன. "இவள் வந்த பிறகுதான் நம்ம கடையில ஸ்டாக் கணக்கு ஒழுங்காச்சு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, போனஸையும் கையில் கொடுத்து, "ஒனக்குப் புடிச்சதை நீயே எடுத்துக்கோ மக்களே" என்று அலமாரியைத் திறந்துவிடுகிற ஜவுளிக்கடைக்காரரும் இருக்கிறார்.